சிர்பிட் ஈக்களை இனங்கண்டறிதல்

அவரை, மொச்சை, தட்டைப்பயறு முதலிய பயிர்களில் அசுகுணி பற்றுங்காலத்தில், அந்தரத்தில் அசையாது நின்றாற்போற் பறக்கும் மஞ்சள் வரியுள்ள சிறு பூச்சிகளும் காணப்படும். இவற்றைக் குளவியென்று அஞ்சுவோரும், இவற்றின் புழுக்களை இலை தின்னும் புழுவென்று நசுக்குவோரும் உளர். இவை சிர்பிட் ஈக்கள். இவற்றுட் பலவற்றின் புழுக்களுக்கு அசுகுணியே உணவு.

பொது அடையாளங்கள்: தேனீக்கும் குளவிக்கும் சிறகுகள் 4, சிர்பிட் ஈக்கு 2. பின்சிறகுகளுக்குப் பதிலாகக் குண்டூசி போன்ற இரு சிறு காம்புகள் உண்டு. உணர்கொம்புகள் குட்டையானவை, கொடுக்கு இல்லை. பூதக்கண்ணாடியாற் சிறகை நோக்கின், நடுவில் இரு நரம்புகளுக்கிடையே தனித்து ஓடும் மெல்லிய கோடொன்று தெரியும். ஏனைய ஈக்களினின்று இக்குடும்பத்தைப் பிரித்தறிய இதுவே சிறந்த அடையாளம்.

தென்னிந்திய வயல்களிற் காணப்படும் சில இனங்கள் வருமாறு:

1. எபிசிர்பஸ் பால்டியேடஸ்: நீளம் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. செம்மஞ்சள் வயிற்றின் 3, 4-ஆம் வளையங்களில் அகன்ற கரும்பட்டையும், அதன் முன்னே மீசை போன்ற மெல்லிய கருங்கோடும் இருக்கும்.

2. இஸ்கியோடான் ஸ்குடெல்லாரிஸ்: மார்பின் இரு ஓரங்களிலும் பளிச்சென்ற மஞ்சட்கோடு உண்டு. கரிய வயிற்றின் முன்பாகத்தில் இரு மஞ்சட்புள்ளிகளும், பின்னே வளைந்த மஞ்சட்பட்டைகளும் காணும்.

3. பாரகஸ் செர்ரேடஸ்: மிகச் சிறியது, ஏறக்குறையக் கால் அங்குலம். கண்களில் வெண்மயிர்க் கோடுகள் உண்டு. மார்பின் பின்முனைத் தகட்டின் விளிம்பு அரம்பப்பல் போன்றது.

4. எரிஸ்டாலினஸ் வகை: தடித்த உடல், கண்களிற் புள்ளிகளோ வரிகளோ இருக்கும். இதன் புழு நீண்ட வாலுடன் அழுக்கு நீரில் வாழ்வது, அசுகுணியைத் தின்னாது. ஆகையால் இதனைக் கண்டமட்டில் பயிருக்குக் காவல் வந்ததென்று எண்ணலாகாது.

முதல் மூவினங்களின் புழுக்கள் அசுகுணிக் கூட்டத்தினிடையே காணப்படும். கால்கள் இல்லை, தலை தனித்துத் தோன்றாது, முன்பக்கம் கூராயிருக்கும். இலை தின்னும் புழுவுக்கோ தலையும் கால்களும் தெளிவாகத் தெரியும். சிர்பிட் புழு முழு வளர்ச்சி பெறுமுன் சில நூறு அசுகுணிகளையும் உறிஞ்சி அழிக்கக்கூடும். பின்பு நீர்த்துளி வடிவான கூடாகி இலையில் ஒட்டிக்கொள்ளும்.

எனவே, மருந்து தெளிக்குமுன் சில செடிகளின் குருத்துக்களைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். இப்புழுக்களும் கூடுகளும் மிகுதியாக இருப்பின், சில நாட்கள் பொறுத்து, அசுகுணி குறைகின்றதாவென்று கவனித்தல் நலம். கிராம அதிகாரிகளும் பயிரிற் புழு விழுந்ததென அறிக்கை எழுதுமுன், அப்புழுவுக்குக் கால்கள் உளவாவென்று நோக்குவார்களாக.