வெள்ளைக் காரில் பழுப்புப் புள்ளிகள்

கேள்வி: வெள்ளை கார் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. பானட், கூரை எங்கும் கடுகளவு பழுப்புப் புள்ளிகள். கழுவினாலும் போகவில்லை. துருப்பிடித்த வண்டியைத் தலையில் கட்டிவிட்டார்களா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: ஷோரூமுக்குச் சண்டைக்குப் போகுமுன் பம்பரைப் பாருங்கள். அது பிளாஸ்டிக், துருப்பிடிக்க வழியே இல்லை. அதிலும் இதே புள்ளிகள் இருந்தால், துரு உங்கள் காருடையது அல்ல, வெளியிலிருந்து வந்து ஒட்டியது. ரயில் சக்கரமும் தண்டவாளமும் உரசும்போது நுண்ணிய இரும்புத் துகள்கள் பறந்து அக்கம்பக்கத்து வண்டிகள்மேல் படியும். பக்கத்தில் கிரில் பட்டறை இருந்தால் கிரைண்டர் பொறியும் சேரும். சூடாக விழுவதால் அது பெயின்ட்டில் நன்றாகவே பதிந்துகொள்ளும். மழையும் பனியும் பட்டதும் துகள் துருவேறும். கறுப்புக் காருக்கும் இதே கதிதான், கண்ணுக்குத்தான் தெரியாது.

இரும்புத் துகள் நீக்கும் திரவம் கார் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். வண்டியை நிழலில் நிறுத்தித் தெளித்தால் புள்ளிகள் ஊதா நிறத்தில் வழியும். காயவிடாமல் கழுவிவிடுங்கள். மிச்சத்தை 'கிளே பார்' எனும் களிமண் போன்ற கட்டி எடுத்துவிடும். உப்புத்தாள், ஆசிட் பக்கமே போகாதீர்கள். பெயின்ட் கொப்புளித்து உப்பியிருந்தால் மட்டும் சங்கதி வேறு, அது தகட்டுத் துரு. அப்போது வாரன்டி காகிதத்தோடு ஷோரூமுக்குப் போங்கள்.