தகரக் கொட்டகையில் நீர் கோத்தல்

நமது சங்கங்கள் பலவற்றில், அலுவலகக் கட்டடத்தை ஒட்டித் துத்தநாகத் தகடு வேய்ந்த கொட்டகை ஒன்று இருப்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். ஈட்டுக்கு வந்த நெல் மூட்டைகளும், யூரியா முதலிய உரங்களும் அதிலேயே அடுக்கப்படுகின்றன. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் இக்கொட்டகையைத் திறப்போர், தகட்டின் உட்புறம் முழுதும் முத்து முத்தாக நீர் கோத்து நிற்பதையும், மேல் வரிசை மூட்டைகள் நனைந்திருப்பதையும் காண்கிறார்கள். மழையில்லாத இரவிலும் இவ்வாறு நேர்வதால், கூரை ஒழுகுகிறதென்று சிலரும், காவற்காரர் கவனிக்கவில்லையென்று சிலரும் சொல்லத் தலைப்படுகின்றனர். ஒரு சங்கத்தில் இதன் பொருட்டே ஆணித் துளைகளுக்கெல்லாம் தார் பூசப்பட்டது. காவற்காரரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யவேண்டுமென்றும் பேச்செழுந்தது. தார் பூசிய மறுவாரமே தகடு பழையபடி நனைந்திருந்தது. ஒழுகாத கூரைக்குத் தார் பூசிப் பயன் யாது?

ஒழுக்கையும் இந்த வேர்வையையும் பிரித்தறிதல் கடினமன்று. ஒழுக்கு மழைக்குப் பின் தோன்றும். ஆணித் துளை, தகடுகள் ஒன்றன்மேலொன்று ஏறும் இடம் ஆகியவற்றின் கீழேதான் சொட்டும். வேர்வையோ மேகமற்ற இரவின் முடிவில் தகடு முழுதும் பரவி நிற்கும். வெயில் ஏறியதும் மறையும். தரை ஈரமாயிருந்தால், பாலிதீன் தாள் ஒன்றைத் தரையில் விரித்து ஓரங்களை ஒட்டி ஓரிரவு விட்டுவிடுக. தாளின் அடியில் நீர் காணப்படின் ஈரம் பூமியிலிருந்து ஏறுகிறது. மேற்புறம் காணப்படின் காற்றிலிருந்து படிகிறது. இந்தப் பரீக்ஷையைச் செய்யாமல் யார்மேலும் குற்றம் சாட்டுவது முறையாகாது.

இதன் காரணம் யாதெனில்: காற்றில் எக்காலத்தும் நீராவி கலந்திருக்கிறது. 30 டிகிரி உஷ்ணமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும்; 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 17 கிராமுக்குச் சற்று மேல் தாங்காது. மிகுதி, குளிர்ந்த பொருளின்மேல் நீராய்ப் படியும். சோற்றுப் பானையை மூடிய தட்டைத் திருப்பினால் காணும் துளிகளும் இவ்வகையினவே. மெல்லிய தகடு தெளிந்த இரவில் தன் உஷ்ணத்தை வானத்தை நோக்கி விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றினும் சில டிகிரி அதிகமாகக் குளிர்ந்துவிடுகிறது. தடித்த ஓலைக் கூரையின் உட்புறம் அவ்வளவு குளிர்வதில்லை. தகட்டின்மேல் வெள்ளை அடித்தால் பகல் வெப்பம் குறையும்; இரவு வேர்வைக்கு அது மருந்தன்று.

இத்தனை நீராவி எங்கிருந்து வருகிறதென்று கேட்கலாம். பெரும்பகுதி நெல்லிலிருந்தே வரக்கூடும். நூற்றுக்கு 18 பங்கு ஈரமுள்ள நெல் 14 பங்குக்கு உலருமாயின், குவிண்டாலுக்கு ஏறக்குறைய 4½ கிலோ நீர் வெளியேற வேண்டும். 50 குவிண்டாலுக்குக் கணக்கிட்டால் 200 லிட்டருக்கு மேல்! அவ்வளவும் நம் கொட்டகைக்குள்ளேயே உலவும். அன்றியும் ஈர நெல் சுவாசித்து உஷ்ணத்தையும் மேலும் நீராவியையும் உண்டாக்கும். ஆதலால் ஈடு வாங்கும்போதே நெல்லைச் சோதிப்பது அவசியம். ஈரமானி இல்லாத இடத்தில், நன்கு உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றிலொரு பங்கு நெல்லும், சிறிது வறுத்து ஆற்றிய உப்பும் இட்டு மூடிச் சில நிமிஷம் குலுக்கிப் பார்க்கலாம். உப்பு புட்டியின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 பங்குக்கு மேல் என்று கொள்ளலாம். அந்நெல்லைக் களத்துக்குத் திருப்பி அனுப்புவதால் அங்கத்தினருக்கு மனவருத்தம் உண்டாகலாம். நெல் கெட்டு, கடன் தொகைக்கும் விலை போகாமற்போனால் உண்டாகும் வருத்தம் அதனினும் பெரிது. நஷ்டத்தில் சங்கத்துக்கும், அதாவது மற்ற எல்லா அங்கத்தினருக்கும், பங்குண்டு.

காற்றோட்டம் விஷயத்தில் தவறான எண்ணம் பரவியிருக்கிறது. கதவை இரவெல்லாம் திறந்து வைத்தல் நன்றென்று பலர் நினைக்கின்றனர். பனி பெய்யும் இரவின் காற்று நீராவி நிறைந்தது. அதை உள்ளே அழைப்பது வேர்வையை அழைப்பதேயாம். வெயில் நன்கு ஏறிய பின், சுமார் 10 மணிக்குத் திறந்து, 4 மணிக்குள் மூடுவதே நலம். மழை நாளில் திறக்கவே வேண்டாம். இரு முகப்புச் சுவர்களிலும் உயரத்தில் மூடித் திறக்கும் பலகணிகள் வைத்து, எலியும் பறவையும் புகாவண்ணம் கம்பி வலை அடித்தால், உட்காற்று பகலில் எளிதில் வெளியேறும். கொட்டகையை உலர்த்துவதாகக் கருதி உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பு ஏற்றுவோரும் உளர். தீ அபாயம் ஒருபுறமிருக்க, ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஒரு லிட்டருக்குக் குறையாத நீர் ஆவியாகக் காற்றில் சேரும்!

கூரையைத் திருத்தப் பணமிருக்குமாயின், தகட்டின் அடியில் உஷ்ணம் கடவாத பலகையை இடைவெளியின்றிப் பொருத்துவதே நிலையான பரிகாரம். இயலாதவிடத்து, மூட்டைகளுக்கு ஓரடி மேலே மூங்கிற் சட்டம் கட்டி, பாலிதீன் தாளைச் சரிவாக விரிக்கலாம். சொட்டும் நீர் ஓரமாய் வடிந்துவிடும். தாளை மூட்டைகளின்மேல் இறுகப் போர்த்துவது மட்டும் கூடாது. நெல்லின் ஆவி அதனடியிலேயே தங்கி மூட்டையை நனைக்கும். கீழே மரச்சட்டமும், சுவரிலிருந்து இரண்டடி இடைவெளியும் வேண்டுமென்பது அனைவரும் அறிந்ததே. யூரியாவை நெல்லுடன் ஒரே அறையில் வைக்கலாகாது. காற்றின் ஈரம் நூற்றுக்கு 75 பங்கைக் கடந்தால் அது நீரை இழுத்துக் கட்டியாகிவிடும்.

முன்னமே நனைந்த மூட்டைகளை அன்றைக்கே பிரித்து வெயிலில் உலர்த்த வேண்டும். பூஞ்சணம் பிடித்த நெல்லை நல்ல நெல்லுடன் கலத்தல் பெருந்தீங்கு. சில பூஞ்சைகள் விடும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு, சமைத்தாலும் முற்றும் அழிவதில்லை. அத்தகைய மூட்டையை உடையவரை வரவழைத்து, அவர் முன்னிலையில் எடை போட்டு, ஈட்டுப் பதிவேட்டில் குறித்துக் கையெழுத்துப் பெற்ற பிறகே தனியே ஒதுக்குக.