ஐட்லிங் ஆடும் வண்டி: வேலை பழக வரும் தம்பிகளுக்கு

முத்தையாபுரத்தில் ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் துறைமுகம். இந்தக் காற்றில்தான் பெட்ரோல் வண்டி வேலை பார்க்கிறோம். ஐ.டி.ஐ. முடித்து வருகிற பிள்ளைகள், ஐட்லிங் ஆடுகிறது என்றதும் டேங்க்கைத் திறந்து பம்ப்பைக் கழற்றப் போகிறார்கள். அளந்து பார்க்காமல் ஒரு சாமானையும் மாற்றக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதித் தருகிறேன்.

1. முதலில் வண்டிக்காரரிடம் கேள். கூம்பு ஃபில்டர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், பெரிய இன்ஜெக்டர், தனி பம்ப், திருகு வைத்த ரெகுலேட்டர், கேஸ் கிட் என்று எதையெல்லாம் மாட்டினார், எதற்குப் பிறகு ஆட்டம் வந்தது என்று தாளில் எழுது. எம்.பி.எஃப்.ஐ. எஸ்டீம், ஜென், முதல் ஸ்விஃப்ட் வண்டிகளில் நாலைந்து சாமானை ஒன்றாக மாற்றிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொன்றாகக் கம்பெனி சாமானைத் திரும்ப மாட்டிப் பார்ப்பதுதான் அங்கே வேகமான வழி.

2. அடுத்து எர்த். இந்தக் கரையில் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான். இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட், ஃபேன், ஏ.சி. எல்லாம் போடு. பாட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே மல்டிமீட்டர் வை. 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயரைக் கழற்று. வெளியே நன்றாகத் தெரியும் வயரின் லக்குக்குள் பச்சை பூத்திருக்கும். பம்ப் கனெக்டரிலும் வோல்ட் பார். பாட்டரியில் 14 இருக்க, பம்ப்புக்கு 12தான் போய்ச் சேர்கிறது என்றால் புதுப் பம்ப் போட்டாலும் பிரஷர் குறையத்தான் செய்யும்.

3. இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டு. எதைக் கழற்றும்போது ஆர்.பி.எம். இறங்கவில்லையோ, அந்த சிலிண்டரின் பிளக், காயில், இன்ஜெக்டர், கம்ப்ரஷனைப் பார். ஓடுகிற இன்ஜினில் பிளக் வயரைப் பிடுங்காதே. காயில் போகும், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும்.

4. ஏர் லீக் எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி காட்டாது. மேப் சென்சார் வண்டியில் லீக் இருந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். ஐட்லிங் ஏறும், இல்லையென்றால் ஏறி இறங்கும். காற்றை அளக்கும் மாஃப் சென்சார் வண்டியில் அளக்காத காற்று உள்ளே போய்விடுவதால் கலவை மெலிந்து மிஸ்ஸிங் வரும். லீக் தேட கார்ப் கிளீனர் அடிக்காதே, சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். இன்டேக் கேஸ்கட், ஓஸ் முனைகளில் லேசாகத் தண்ணீர் தெளி. இன்ஜின் சத்தம் மாறுகிற இடத்தில் லீக் இருக்கிறது.

5. இதற்குப் பிறகுதான் பிரஷர் கேஜ். பம்ப் ஃபியூஸைக் கழற்றி, இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிடு. பாட்டரி மைனஸை எடுத்துவிட்டு, துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டே ஜாயிண்ட்டைத் திற. தீயணைப்பான் கைக்கு எட்ட வேண்டும். பீடி பிடிக்கிறவரை ஷெட்டுக்குள் விடாதே.

கேஜை மாட்டி, ஃபியூஸையும் பாட்டரியையும் திரும்பப் போட்டதும் கீயைத் திருப்பு. பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடும். ரிட்டர்ன் லைன் உள்ள பழைய வண்டிகள் பலவற்றில் 3 பாரை ஒட்டி வரும். உன் வண்டிக்கு மேனுவல் சொல்வதே கணக்கு. இன்ஜின் ஓடும்போது ரெகுலேட்டரின் வேக்கம் ஓஸைக் கழற்றினால் ஏறத்தாழ அரை பார் ஏற வேண்டும், மாட்டினால் இறங்க வேண்டும். அசையவில்லை என்றால் ஓஸ் அடைப்பு, அல்லது ரெகுலேட்டர் கோளாறு. ஓஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. இன்ஜினை அணைத்த பின் மெல்ல இறங்குவது இயல்பு. சட்டென்று விழுந்தால் பம்ப் வால்வு, ரெகுலேட்டர், சொட்டும் இன்ஜெக்டர் மூன்றில் ஒன்று. புதிய வண்டிகளில் ரெகுலேட்டர் டேங்க்குக்குள்ளேயே இருப்பதால் ஓஸ் சோதனை கிடையாது.

ஐட்லிங்கில் பிரஷர் சரியாக இருந்தாலும், கேஜை முன்கண்ணாடிக்கு வெளியே கட்டிக்கொண்டு திருச்செந்தூர் ரோட்டில் ஒரு சுற்று போ. ஒருவர் ஓட்ட, ஒருவர் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பிரஷர் விழுந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது பம்ப்புக்குத் தெம்பில்லை. பெட்ரோல் லைனைக் காருக்குள் கொண்டுவராதே.

6. ஆட்டத்தை மறைக்க ரெகுலேட்டர் திருகை முறுக்காதே. பிரஷரை 3 பாரிலிருந்து 4 ஆக்கினால் பெட்ரோல் மூன்றில் ஒரு பங்கு கூடாது, 15 சதவீதம்தான் கூடும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியில் கம்ப்யூட்டர் அதையும் குறைத்துவிடும்; கோளாறு அப்படியே இருக்கும். பெரிய இன்ஜெக்டர் மாட்டிய வண்டியில் இது இன்னும் மோசம். ஐட்லிங்கில் அது திறக்கும் சில மில்லிநொடியும் சுருங்கி, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு தெளிக்காமல் போகும். கம்ப்யூட்டரில் உள்ள பெட்ரோல் மேப்பைத் திருத்தாமல் அந்த வண்டிக்கு நல்ல ஐட்லிங் வராது.

7. 2023 பிப்ரவரியில் இ20 விற்பனைக்கு வந்தது. அதில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். மாதக்கணக்கில் நிற்கிற பழைய வண்டி வந்தால் டேங்க் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார். அடியில் தனியாகத் தண்ணீர் நின்றால் முதலில் டேங்க்கைக் கழுவு.

8. கேஸ் கிட்டை ஆர்.சி.யில் ஏற்றாமல் ஓட்டினால் 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு பாயும். வண்டிக்காரருக்குச் சொல்லிவிடு.

9. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கீ போட்ட பிரஷர், ஐட்லிங் பிரஷர், அணைத்து ஐந்து நிமிடம் கழித்துள்ள பிரஷர், எர்த் வோல்ட் நான்கையும் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடு. அடுத்த முறை அந்த வண்டி யார் கைக்குப் போனாலும், அங்கிருந்து வேலையைத் தொடங்கலாம்.