காலுக்குப் பொருந்தும் செருப்பு

விடிவதற்கு முன்பே பால்காரர் சைக்கிளில் கிளம்புகிறார். கொத்தனார் தூக்குவாளியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். காய்கறிக் கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு வியாபாரி சந்தைக்குப் போகிறார். நம் நாட்டில் உழைப்பவர்களின் வண்டி சைக்கிள்தான்.

பெண்களும் சைக்கிள் ஓட்டுகிறார்கள். 1991, 1992 ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். பீகார் மாநிலத்தில் 2006-ஆம் ஆண்டு பள்ளி மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் தரும் திட்டம் வந்தது. அதனால் தூரத்துப் பள்ளிக்கும் பெண் பிள்ளைகள் போக முடிந்தது.

சைக்கிள் வாங்கும்போது எல்லோரும் டயரைப் பார்க்கிறார்கள். பிரேக்கைப் பிடித்துப் பார்க்கிறார்கள். மணியை அடித்துப் பார்க்கிறார்கள். ஆனால் மிதிக்கும் காலில் என்ன செருப்பு இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

கால் செய்யும் வேலை

சைக்கிளுக்கு என்ஜின் இல்லை. கால்தான் என்ஜின். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சாதாரண சைக்கிள் சுமார் 5 மீட்டர் ஓடும். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு 200 சுற்று. வேலைக்கு 5 கிலோமீட்டர் போய், 5 கிலோமீட்டர் திரும்பி வந்தால் 2,000 சுற்று. ஒவ்வொரு காலும் ஒரு நாளைக்கு 2,000 முறை மிதிக்கிறது.

நடக்கும்போது பாதம் முழுவதும் தரையில் படுகிறது. பெடல் அப்படி இல்லை. அது சிறியது. மிதிக்கும் வேகம் முழுவதும் பாதத்தில் ஒரே இடத்தில் விழுகிறது. செருப்பின் அடி மெல்லியதாக இருந்தால் பெடல் பாதத்தில் குத்தும். முதலில் எரிச்சல் வரும். பிறகு விரல்கள் மரத்துப்போகும். வீட்டுக்கு வந்த பிறகும் வலி இருக்கும்.

எது ஆகாது?

தேய்ந்த ரப்பர் செருப்பு ஆகாது. அதற்குப் பின்வார் இல்லை. விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே மிதிக்க வேண்டும். அடியில் வரி தேய்ந்துவிட்டால் மழை நாளில் பெடலிலிருந்து வழுக்கும். வார் திடீரென்று அறுந்தால் ஓட்டுபவர் தடுமாறி விழுவார்.

பெரிய செருப்பு ஆகாது. உள்ளே கால் முன்னும் பின்னும் நகரும். குதிகாலில் உராய்ந்து கொப்புளம் வரும்.

சிறிய செருப்பும் ஆகாது. கட்டைவிரல் நகம் இடிக்கும். சுண்டுவிரல் நசுங்கும். நாளடைவில் கால் ஆணி வரும்.

உயரமான குதி வைத்த செருப்பு ஆகாது. அது பெடலில் சரியாக நிற்காது.

வெறுங்காலும் ஆகாது. சக்கரத்தின் கம்பியில் விரல் மாட்டிக்கொள்ளலாம். நிறுத்திக் கால் ஊன்றும்போது கல்லும் கண்ணாடியும் குத்தும்.

எது நல்லது?

பின்வார் உள்ள செருப்பு நல்லது. கான்வாஸ் ஷூவும் நல்லது. இரண்டும் காலை விட்டுக் கழலாது. ஷூவில் விரல்களுக்கும் பாதுகாப்பு உண்டு.

அடி கெட்டியாக இருக்க வேண்டும். இதைக் கடையிலேயே சோதிக்கலாம். செருப்பின் முனையையும் குதியையும் இரு கைகளால் பிடித்து வளைக்க வேண்டும். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைந்தால் நல்ல செருப்பு. நடுவில் சப்பாத்தி போல் மடிந்தால் சைக்கிளுக்கு உதவாது. அடியில் வரிவரியாக இருக்க வேண்டும். அப்போதுதான் பெடலைப் பற்றிக்கொள்ளும்.

பந்தயம் ஓட்டுபவர்கள் பெடலோடு மாட்டிக்கொள்ளும் தனி ஷூ போடுகிறார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது தேவை இல்லை.

அளவு எடுக்கும் முறை

1. மாலையில் அளவு எடுக்க வேண்டும். நாள் முழுவதும் வேலை செய்தால் கால் சற்று வீங்கும். காலையில் சரியாக இருக்கும் செருப்பு மாலையில் பிடிக்கும்.
2. ஒரு தாளைத் தரையில் விரித்து அதன் மேல் நிற்க வேண்டும். உட்கார்ந்து எடுத்தால் அளவு குறையும்.
3. பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட வேண்டும். இன்னொருவர் கோடு போட்டால் நல்லது.
4. இரண்டு கால்களுக்கும் தனித்தனியாக வரைய வேண்டும். பலருக்கு ஒரு கால் சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்குத்தான் செருப்பு வாங்க வேண்டும்.
5. சிலருக்குக் கட்டைவிரல் நீளம். சிலருக்கு இரண்டாம் விரல் நீளம். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

செருப்பின் அடியில் ஓர் எண் இருக்கும். அதுதான் அளவு. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வேறுபாடு. அதாவது சுமார் 8 மில்லிமீட்டர். ஆனால் எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி செய்வதில்லை. ஒன்றில் 7 சரியாக இருக்கும். இன்னொன்றில் 8 வேண்டியிருக்கும். எண்ணைப் படிக்க வேண்டும். போட்டும் பார்க்க வேண்டும்.

கடையில் ஒரு பேச்சு

பால் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தினமும் சைக்கிளில் பால் கொண்டுபோகும் ஒரு பெண் செருப்புக் கடைக்கு வந்தார். கையில் பாதம் வரைந்த தாள் இருந்தது.

கடைக்காரர்: வாங்கக்கா. இந்தச் செருப்பைப் பாருங்க. புது மாடல்.

பெண்: அடியில 5-ன்னு போட்டிருக்கே தம்பி. என் காலுக்குப் பத்துமா?

கடைக்காரர்: போட்டுப் பாருங்கக்கா.

பெண்: விரல் இடிக்குது.

கடைக்காரர்: புதுசுல அப்படித்தான் இருக்கும். போடப் போட விட்டுக் கொடுக்கும்.

பெண்: அது விட்டுக் கொடுக்கிற வரைக்கும் யார் வலியைத் தாங்குறது? இந்தத் தாளைச் செருப்பு மேல வைக்கிறேன், பாருங்க. கோடு வெளியே நிக்குது.

கடைக்காரர்: ஆமாக்கா. இந்த மாடல்ல 6 இருப்பு இல்லை. வேற மாடல் காட்டட்டுமா? விலை நாற்பது ரூபாய் கூட.

பெண்: பின்வார் இருக்கா?

கடைக்காரர்: இருக்கு. அடியும் கெட்டி.

அவர் இரண்டு கால்களிலும் போட்டு நின்று பார்த்தார். கடைக்குள்ளேயே பத்து அடி நடந்தார். முனையில் பெருவிரல் வைத்துப் பார்த்தார். பிறகு வாசலில் இருந்த தம் சைக்கிளில் ஏறி, ஸ்டாண்டு போட்டபடியே பெடலை மிதித்துப் பார்த்தார்.

பெண்: இது சரியா இருக்கு. போன வருஷம் விலை குறைவுன்னு வாங்கினேன் தம்பி. குதிகால் புண்ணாகி எட்டு நாள் பால் எடுக்கப் போகலை. அந்த நஷ்டத்துல ரெண்டு ஜோடி வாங்கியிருக்கலாம். பில் போடுங்க.

அவர் பில்லை வாங்கி விலையைப் படித்துப் பார்த்தார். பெட்டியில் அச்சிட்ட விலையோடு ஒப்பிட்டார். பிறகு பணம் கொடுத்தார்.

ஓட்டும்போது கவனம்

நடுப்பாதத்தால் மிதிக்கக் கூடாது. குதிகாலாலும் மிதிக்கக் கூடாது. விரல்களுக்குப் பின்னால் உள்ள அகலமான பகுதியைப் பெடலின் நடுவில் வைத்து மிதிக்க வேண்டும்.

சைக்கிளின் செயின் வலது பக்கம் இருக்கிறது. வலது ஷூவின் லேஸ் தொங்கினால் செயினில் மாட்டிக்கொள்ளும். முடிச்சுப் போட்டு நுனியை உள்ளே செருக வேண்டும். புடவை, வேட்டி, துப்பட்டா இவற்றையும் செருகிக்கொள்ள வேண்டும்.

புதுச் செருப்பைப் போட்டு முதல் நாளே வெகுதூரம் போகக் கூடாது. இரண்டு மூன்று நாள் பக்கத்தில் போய்ப் பழக வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு

சர்க்கரை நோய் நாள்பட்டால் காலில் உணர்ச்சி குறையலாம். செருப்புக்குள் கல் இருந்தாலும் தெரியாது. ஆணி குத்தினாலும் தெரியாது. வலி இல்லாததால் புண்ணைக் கவனிக்க மாட்டார்கள். புண் ஆறாமல் பெருகும். சிலருக்கு விரலை எடுக்க வேண்டி வருகிறது. சிலருக்குக் காலையே எடுக்க வேண்டி வருகிறது.

அதனால் அவர்கள் போடும் முன் செருப்பைத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். இரவில் இரண்டு பாதங்களையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். கால் ஆணியைப் பிளேடால் அறுக்கக் கூடாது. சிறு கொப்புளம் வந்தாலும் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

தொழுநோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அரசு இலவசமாக எம்.சி.ஆர். செருப்பு தருகிறது. உள்ளே மெத்தென்றும் வெளியே கெட்டியாகவும் இருக்கும். அரசு மருத்துவமனையில் கேட்கலாம்.

நினைவில் கொள்க

செருப்புக்காகக் கால் இல்லை. காலுக்காகத்தான் செருப்பு.
மாலையில் அளவு எடுக்க வேண்டும். நின்றுகொண்டு எடுக்க வேண்டும். இரண்டு காலுக்கும் எடுக்க வேண்டும்.
பின்வார் வேண்டும். கெட்டியான அடி வேண்டும்.

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. ஏன் மாலையில் அளவு எடுக்க வேண்டும்?
2. ரப்பர் செருப்புப் போட்டுச் சைக்கிள் ஓட்டினால் என்ன ஆபத்து?
3. பால் கொண்டுபோகும் பெண்ணுக்குப் போன வருஷம் என்ன நஷ்டம் ஏற்பட்டது?

ஆ. கணக்கிடுக.
ஒருவர் வேலைக்கு 4 கிலோமீட்டர் போய், 4 கிலோமீட்டர் திரும்பி வருகிறார். ஒரு கிலோமீட்டருக்கு 200 சுற்று என்றால், அவர் கால் ஒரு நாளில் எத்தனை சுற்று மிதிக்கும்?

இ. செய்து பார்க்க.
வீட்டில் உள்ளவர்களின் பாதங்களைத் தாளில் வரைந்து, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதுக. அவரவர் செருப்பை அதன் மேல் வைத்துப் பார்க்க. யாருடைய செருப்பு சிறியது? யாருடையது பெரியது?