11 போதுமா, 13 வேண்டுமா?

டயாலிசிஸ் செய்துகொள்பவர் வீட்டுக்கு மாதாந்தர ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தால், எல்லார் கண்ணும் முதலில் போவது ஹீமோகுளோபின் மீதுதான். 9 என்று இருந்தால் போதும், "ரத்தம் கம்மியாம்" என்ற பேச்சு சித்தூரிலிருந்து நகரி வரை உள்ள சொந்தங்களுக்குப் பரவிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பேரீச்சம்பழத்தோடும் இன்னொருவர் மாதுளை, பீட்ரூட்டோடும் வந்து இறங்குவார்கள். அன்புதான், ஆனால் இவற்றிலெல்லாம் பொட்டாசியம் அதிகம். அது உடம்பில் தேங்கினால் இதயமே நின்றுபோகலாம். தவிர, ரத்தம் ஊறச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குத் தூது விடும் எரித்ரோபாய்டின் (ஈபிஓ) என்ற ஹார்மோனைச் சுரப்பதே சிறுநீரகம்தான். அது பழுதான பிறகு பழத்தால் ஆவது ஒன்றுமில்லை.

மிச்சம் இருக்கும் வழிகள் ரத்தம் ஏற்றுவது, இரும்புச்சத்து, ஈபிஓ ஊசி, அண்மையில் வந்த மாத்திரை.

ரத்தம் ஏற்றினால் எண் மறுநாளே ஏறிவிடும். பலரும் அதையே கேட்பது அதனால்தான். ஆனால் பிறர் ரத்தம் உள்ளே போனால் அதற்கு எதிர்ப்பொருள்கள் உண்டாகலாம். பிற்பாடு பொருந்துகிற சிறுநீரகம் கிடைப்பது கடினமாகிவிடும். திருப்பதியில் ஸ்விம்ஸ் மருத்துவமனை இருக்கிறது. 1971லேயே சிறுநீரக மாற்று அறுவை செய்த வேலூர் சிஎம்சி, சித்தூரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரம். இவ்வளவு பக்கத்தில் இருக்கும் வாசலை நாமே சாத்திக்கொள்வானேன்? ரத்தப்போக்கு, நெஞ்சுவலி என்றால் மட்டும் யோசிக்காமல் ஏற்ற வேண்டியதுதான்.

இரும்பு மாத்திரை மலிவு. ஆனால் சிறுநீரக நோயாளிகளுக்கு ஹெப்சிடின் என்ற பொருள் கூடிவிடுவதால் குடல் இரும்பை உள்ளே விடாது. டயாலிசிஸ் குழாயில் ஒவ்வொரு முறையும் தங்கிப்போகும் ரத்தத்தோடு இரும்பும் போகிறது. ஆகவே ரத்தநாளம் வழி ஊசியே மேல். பிரிட்டனில் 2,141 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த 'பிவோட்டல்' ஆய்வில், குறையும்வரை காத்திராமல் மாதாமாதம் இரும்பு ஏற்றியவர்களுக்கு மரணமும் மாரடைப்பும் குறைந்தன. ஈபிஓவும் குறைவாகவே தேவைப்பட்டது. காய்ச்சல், கிருமித்தொற்று இருக்கும்போது மட்டும் ஊசியைத் தள்ளிப்போடுவார்கள்.

அடுத்தது ஈபிஓ. எண்ணைத் துரத்துகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். ஹீமோகுளோபின் கூடுதலாக உள்ளவர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்பதைப் பார்த்து, எல்லாருக்கும் ஏற்றிவிடலாமே என்று அமெரிக்காவில் இதயநோயும் உள்ள 1,233 டயாலிசிஸ் நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு ஹீமோகுளோபின் ஏறத்தாழ 14, மறுபாதிக்கு 10. ஏற்றியவர்கள் பக்கம் மரணமும் மாரடைப்பும் கூடிக்கொண்டே போனதால் ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். 1998இல் முடிவு வெளியானது. டயாலிசிஸுக்கான ரத்தப் பாதை அடைத்துக்கொள்வதும் அந்தப் பக்கமே அதிகம். கையில் அமைத்த அந்தப் பாதை (பிஸ்டுலா) அடைத்து மறுபடி கையைக் கிழித்துக்கொண்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். டயாலிசிஸுக்கு இன்னும் வராத 4,038 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்விலும், 13ஐக் குறிவைத்தவர்களுக்குப் பக்கவாதம் ஏறக்குறைய இரட்டிப்பு. உடம்பு தேறியவருக்கு ரத்தம் தானாக ஊறியிருக்கும். ஊசியால் ரத்தத்தை ஏற்றிவிட்டால் உடம்பு தேறிவிடும் என்று நினைத்தது தலைகீழ்க் கணக்கு. 2012இல் வந்த கேடிகோ உலக வழிகாட்டுதல், 9க்குக் கீழே இறங்க விடாதே, பொதுவாக 11.5ஐத் தாண்டாதே, 13ஐத் தாண்ட ஊசி போடவே போடாதே என்கிறது.

ஈபிஓவில் வாரம் இரண்டு மூன்று முறை போடுவதும் உண்டு, வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒருமுறை போடும் டார்பிபாய்டினும் உண்டு. எப்படியும் வாரம் மூன்று நாள் மையத்துக்குப் போகிறவருக்கு மலிவான முதல் வகையே போதும் என்பது என் எண்ணம். எதுவானாலும் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் கடையில் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் மருந்து கெட்டுவிடும். ஐஸ் பெட்டி அவசியம்; உறையவும் விடக்கூடாது.

இந்தத் தொல்லை இல்லாதது மாத்திரை. ஜைடஸ் நிறுவனத்தின் டெசிடுஸ்டாட்டுக்கு 2022இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. ஊசிக்கு 30 ஆண்டுக்கு மேல் அனுபவம் இருக்கிறது, இதற்கு இல்லை. ரத்தக்கட்டி, புற்றுநோய், பக்கவாதம் முன்பு வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஊசி போட்டும் ஏறவில்லை என்றால் உடனே அளவைக் கூட்டச் சொல்லாதீர்கள். கழுத்துக் குழாயில் கிருமி இருக்கிறதா, டயாலிசிஸ் போதவில்லையா, பாராதைராய்டு கூடியிருக்கிறதா, ஃபெரிட்டின் (இரும்புக் கையிருப்பு) எவ்வளவு என்று கேளுங்கள். தண்ணீர் அதிகம் குடித்து 4 கிலோ ஏறிவந்த நாளில் ரத்தம் நீர்த்திருக்கும். எண்ணும் குறைவாகவே காட்டும். அரசு மருத்துவத் திட்டம் (முன்பு ஆரோக்யஸ்ரீ) வழியாக டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் இரும்பும் ஈபிஓவும் அதிலேயே அடக்கமா, வெளியே வாங்க வேண்டுமா என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.