உட்கார்ந்தால் எரிகிறதா? அக்கா சொல்கிறேன், கேள்!

நின்றால் பரவாயில்லை, படுத்தால் சுகம். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அடியில் தீயாக எரிகிறது, ஊசி குத்துகிறது, உள்ளே ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. யூரின் டெஸ்ட் நார்மல், ஸ்கேன் நார்மல். வீட்டில் கேட்டால், "உடம்புச் சூடு, இளநீர் குடி" என்கிறார்கள். தங்கச்சி, மாதக்கணக்கில் இந்த வலியை யாரிடமும் சொல்லாமல் அடக்கிக்கொண்டிருக்கிறாயா? ரிப்போர்ட் நார்மல் என்பதால் உன் வலி பொய்யாகிவிடாது. இது 'புடெண்டல் நியூரால்ஜியா' என்ற நரம்பு வலியாக இருக்கலாம்.

முதுகுத்தண்டின் அடிப்பக்கத்திலிருந்து கிளம்புவது புடெண்டல் நரம்பு. இடுப்பெலும்பைப் பிணைக்கும் இரண்டு நார்களுக்கு நடுவே நுழைந்து, 'ஆல்காக் கால்வாய்' என்ற குறுகிய பாதை வழியாக வந்து, ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் அவற்றுக்கு இடைப்பட்ட பகுதிக்கும் கிளை பிரிகிறது. இந்த வழியில் எங்கே நசுங்கினாலும், இழுபட்டாலும் வலிக்கும். சுகப்பிரசவத்தில் குழந்தை வெளிவரும்போது, வருடக்கணக்கில் முக்கி மலம் கழிப்பதில், நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலையில், இடுப்புப் பகுதி ஆபரேஷனுக்குப் பிறகு என்று பல வழிகளில் வரும். நிறைய சைக்கிள் ஓட்டும் ஆண்களுக்கும் வருகிறது.

இதைக் காட்டிக்கொடுக்க ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. எம்.ஆர்.ஐ. எடுப்பது பெரும்பாலும் கட்டி, டிஸ்க் பிரச்னை போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதி செய்யத்தான். பிரான்சில் நான்ட் நகரத்து மருத்துவர்கள் முன்னின்று வகுத்து, 2008-ல் வெளியான ஐந்து அடையாளங்களைத்தான் இன்றும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். அந்த நரம்பு போகும் இடத்தில் வலி இருக்க வேண்டும். உட்கார்ந்தால் வலி அதிகமாக வேண்டும். தூக்கத்திலிருந்து வலி எழுப்பக் கூடாது. தொட்டுப் பார்த்தால் உணர்ச்சி மரத்திருக்கக் கூடாது. நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி போட்டால் வலி குறைய வேண்டும்.

கவனித்தாயா? இதில் முதல் மூன்றும் உன் வாயிலிருந்துதான் வர வேண்டும். அதனால் ஒரு நோட்டு போடு. எத்தனை நிமிடம் உட்கார்ந்ததும் ஆரம்பிக்கிறது, இடமா வலமா, பஸ்ஸில் எப்படி, தரையில் சம்மணம் போட்டால் எப்படி, மலம் கழித்த பிறகு கூடுகிறதா, தாம்பத்தியத்தின்போது எப்படி, எல்லாவற்றையும் எழுது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காரும்போது மட்டும் வலி குறைந்தால் அதையும் மறக்காமல் எழுது. அங்கே நடுப்பகுதியில் அழுத்தம் விழுவதில்லை. மருத்துவருக்கு இது நல்ல துப்பு.

அப்புறம் டாக்டரிடம் பேசும் விஷயம். "கீழ வலிக்குது டாக்டர்" என்று சொன்னால் நீர்க்கடுப்பு மருந்தோ மூலத்துக்குக் களிம்போ எழுதித் தந்து அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். எந்த இடம் என்று பெயர் சொல்லிச் சொல். நாக்கு எழவில்லையா, தாளில் படம் வரைந்து நீட்டு. முதலில் மகளிர் மருத்துவரைப் பார்த்துத் தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் எல்லாம் இருக்கிறதா என்று தெரிந்துகொள். அங்கே விடை கிடைக்காவிட்டால், "இது புடெண்டல் நரம்பாக இருக்குமா, பெயின் கிளினிக்குக்குக் கடிதம் தருவீர்களா?" என்று நேராகவே கேள். மரியாதையாகக் கேட்பதில் தப்பே இல்லை. மரப்பு ஊசி போட்டால் அன்று முழுக்க மணிக்கு மணி வலியைக் குறித்துவை. சில மணி நேரம்தான் சுகம் என்றாலும் அது தகவல்தான்.

அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகாபலின் மாதிரி மாத்திரை எழுதிக் கொடுத்தால், "மனநோய் மாத்திரையா, வலிப்பு மாத்திரையா?" என்று பயப்படாதே. நரம்பு வலிக்கும் அவற்றையே கொடுப்பார்கள். குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். ஆரம்பத்தில் தூக்கம் தள்ளும், வண்டி ஓட்டாதே. நீயாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மலச்சிக்கலும் வரலாம், முக்கினால் அதே நரம்பு இழுபடும். கீரை, பழம், தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்.

உட்காரும் நேரத்தைக் குறை. கல்யாண வீட்டில் பின்வரிசையில் நின்றுகொள், யார் என்ன நினைத்தால் என்ன! உட்கார வேண்டிய இடத்தில் நடுவில் வெட்டு விட்ட குஷன் போடு. கைவசம் இல்லையென்றால் இரண்டு துண்டுகளை மடித்து, ஒவ்வொரு பக்கப் பிட்டத்துக்கும் ஒன்றாக வைத்து, நடுவே இடைவெளி விடு. வலிக்கும் இடம் எதிலும் படக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

இன்னொன்றை அழுத்தியே சொல்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு எல்லாருக்கும் சொல்லப்படும் கீகல் பயிற்சியை நீயாகத் தொடங்காதே. இந்த வலி உள்ள பலருக்கு இடுப்புத்தளத் தசை ஏற்கெனவே இறுகிக் கிடக்கும். இன்னும் இறுக்கினால் வலி கூடும். அவர்களுக்கு வேண்டியது தளர்த்தும் பயிற்சி. பெல்விக் ஃப்ளோர் தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொள்.

கணவரிடமும் அந்த நோட்டைக் காட்டு. நீ விலகுவது அவரை வெறுத்து அல்ல, வலிக்குப் பயந்து என்பது அவருக்குத் தெரியட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இணங்காதே.

இடுப்புக்குக் கீழே உட்காரும் பகுதி திடீரென மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, அடக்க முடியாமல் போனாலோ, கால் வலுவிழந்தாலோ அது வேறு கதை. முதுகுத்தண்டு நரம்புகள் நசுங்கிக்கொண்டிருக்கலாம். பெயின் கிளினிக் தேதிக்குக் காத்திருக்காதே. ராத்திரியானாலும் யாரையாவது எழுப்பி, அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடு.