பொங்கல் விடுமுறையில் பனி பார்க்கப் போகிறவர்களுக்கு

மார்கழி பாதியிலேயே மணாலி, காஷ்மீர் பேக்கேஜ்கள் நிரம்பத் தொடங்கிவிடும். முன்பணம் கட்டியவர்களும் கட்ட நினைப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இமயமலையில் பனி நம் விடுமுறைக் கணக்கைப் பார்த்து விழுவதில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி பழுப்பேறிக் கிடந்தது. மாதக் கடைசியில்தான் வெளுத்தது. 2025-இல் அங்கே பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் போதிய பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. ஆகவே இன்னும் டிக்கெட் போடாதவர்கள் பொங்கல் வாரத்தை விட்டுவிட்டு ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்குள் ஒரு தேதி பாருங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தால் தேதியை மாற்ற முடியாதவர்கள் இடத்தையாவது யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

வட இந்தியக் குளிர்காலப் பனிக்குக் காரணம் ‘மேற்கத்திய இடையூறு’ என்று வானிலை ஆய்வாளர்கள் சொல்லும் காற்றமைப்பு. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, வழியில் கடல்களின் ஈரத்தை அள்ளிக்கொண்டு கிழக்கே நகர்ந்து வந்து இமயமலையில் மோதுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நாம் வங்கக் கடலின் தாழ்வு மண்டலத்தை எதிர்பார்ப்பதுபோல காஷ்மீரிகள் இதை எதிர்பார்க்கிறார்கள். ஒரு இடையூறு வலுவாக வந்தால் இரண்டே நாளில் மலை முழுக்க வெள்ளையாகிவிடும். வராவிட்டால் எவ்வளவு குளிரடித்தாலும் பனி கிடையாது. டிசம்பர் 21-இல் தொடங்கும் ‘சில்லை கலான்’ என்ற நாற்பது நாள் கடுங்குளிர்கூட, இடையூறு வராத ஆண்டுகளில் வறண்டே கழிந்துவிடுகிறது.

மேற்கிலிருந்து வருவதால் ஈரத்தின் பெரும்பங்கு காஷ்மீரின் பீர் பஞ்சால் மலைகளுக்குப் போகிறது. அந்தத் தொடரின் சரிவில் 2,650 மீட்டர் உயரத்தில் இருப்பதால்தான் குல்மார்க்குக்கு இவ்வளவு பனி. அங்கே கீழே புல் தெரிந்தாலும் கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் ஏறினால் 3,900 மீட்டருக்கு மேலே அஃபர்வத் சரிவில் பனி கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதனால் ஜனவரி முதல் பாதியில்தான் போயாக வேண்டும் என்றால் என் தேர்வு குல்மார்க். கோண்டோலா சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள். காற்று பலமாக அடித்தால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதால் குல்மார்க்கில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் குளிர்காலத்தில் மூடிக் கிடந்த சோனமார்க்கும், 2025 ஜனவரியில் சுரங்கச் சாலை திறந்தபின் எட்டக்கூடிய இடமாகிவிட்டது.

காஷ்மீரைத் தாண்டிக் கிழக்கே வரவர பனி குறையும். மணாலி நகரம் சுமார் 2,000 மீட்டர்தான். அங்கே பனி விழுந்தாலும் நிற்பது நிச்சயமில்லை. அடல் சுரங்கத்தைக் கடந்து 3,100 மீட்டரில் உள்ள சிஸ்ஸுவில் பார்க்கலாம். சிம்லாவில் நிலைமை இன்னும் நூலிழை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி இறங்கும். சிம்லாவில் 3 டிகிரியில் மழை தூறிக்கொண்டிருக்கும்போது, 500 மீட்டர் மேலே நர்கண்டாவில் அதே மேகம் பனியாகக் கொட்டிக்கொண்டிருக்கலாம். கைப்பேசியில் சிம்லாவுக்கு மழை என்று காட்டினால் பயணத்தை ரத்து செய்யாதீர்கள், நர்கண்டாவுக்கு வண்டி பேசுங்கள். உத்தராகண்டின் அவுலியில் சரிவுகள் அருமையானவை. ஆனால் பனி போதாமல் போட்டிகளை ரத்து செய்த ஆண்டுகள் அங்கே பல. ஜனவரி கடைசிக்கு முன் அவுலியை நம்ப வேண்டாம்.

லே போகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. லடாக் மழைமறைவுப் பகுதி. குளிர் எலும்பைத் துளைக்கும், பனியோ நகரத்தில் சொற்பம். சிக்கிமில் கதை தலைகீழ்: இடையூறுகள் களைத்துப்போய்த்தான் அங்கே வந்து சேர்கின்றன. வங்கக் கடல் ஈரமும் சேரும் பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில்தான் சாங்கு ஏரி, நாதுலா பக்கம் நல்ல பனி. எனவே கோடை விடுமுறைத் தொடக்கத்தில் பனி பார்க்க நினைக்கும் குடும்பங்கள் இப்போதே சிக்கிமுக்குத் திட்டமிடலாம்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். “நேற்று இரண்டு அடி பனி” என்று செய்தி வந்தவுடன் மேலே ஓடத் தோன்றும். பனிச்சரிவு அபாயம் உச்சத்தில் இருப்பது அந்த முதல் ஒன்றிரண்டு நாள்களில்தான். புதுப் பனி பழைய அடுக்கோடு இன்னும் இறுகியிருக்காது. பனிப்பொழிவு நின்று வெயில் அடித்ததும் மேல் அடுக்கு இளகி, 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவுகளில் மொத்தமாக நழுவும். 2023 ஏப்ரலில் நாதுலா செல்லும் சாலையருகே 7 சுற்றுலாப் பயணிகள் இப்படித்தான் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் குல்மார்க்கில் வெளிநாட்டுப் பனிச்சறுக்கு வீரர் ஒருவர் பலியானார். சண்டிகரில் உள்ள டி.ஆர்.டி.ஓ.வின் பனிச்சரிவு ஆய்வுப் பிரிவு மாவட்டவாரியாக எச்சரிக்கை தருகிறது. மாவட்ட நிர்வாகம் அதை அறிவிக்கும். புதுப் பனி விழுந்து 48 மணி நேரம் நகரத்திலேயே இருங்கள். சறுக்குவதானால் காவலர்கள் கண்காணிக்கும் பகுதிக்குள் மட்டும். கயிறு கட்டிய எல்லைக்கு அப்பால் தனியாகக் கூட்டிப்போகிறேன் என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

சாலையிலும் அதே எச்சரிக்கை வேண்டும். வெயிலில் உருகிய நீர் மாலை 4 மணிக்கு மேல் கண்ணாடிபோல் உறைந்துவிடும். பாலத்தின் மேலும் நிழல் விழும் வளைவிலும் அது கண்ணுக்கே தெரியாது. சொந்தக் காரை சமவெளியில் விட்டுவிட்டு, டயருக்குச் சங்கிலி போட்ட உள்ளூர் வண்டியில் போங்கள். வண்டி பனியில் சிக்கினால் இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்கக் கூடாது. புகைபோக்கியைப் பனி மூடினால் நச்சுவாயு உள்ளே வரும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முரீ மலைநகரில் கார்களில் மாட்டிக்கொண்டு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததில் குளிரோடு இதற்கும் பங்கு உண்டு. விடுதி அறையும் அப்படியே: 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனில் கேரளத்துச் சுற்றுலாப் பயணிகள் 8 பேர் எரிவாயு ஹீட்டர் போட்ட மூடிய அறையில் மூச்சுமுட்டி இறந்தார்கள். அறை பேசும்போதே மின்சார ஹீட்டரா என்று கேளுங்கள். கரியடுப்பையோ கேஸ் ஹீட்டரையோ படுக்கையறையில் வைக்க விடாதீர்கள்.

உடைக்குப் பெரிய செலவு வேண்டாம். மணாலியிலிருந்து சோலாங் போகும் வழி நெடுக எண் போட்ட கடைகளில் ஓவர்கோட்டும் கம்பூட்டும் வாடகைக்குக் கிடைக்கும். பூட்டை வாங்கும்முன் உள்ளே கையை விட்டு விரல் முனைவரை தடவிப் பாருங்கள். முந்தைய ஆள் விட்டுப்போன ஈரம் இருந்தால் வேறு ஜோடி கேளுங்கள். ஈரக் காலோடு ஒரு மணி நேரம் நின்றால் பிள்ளைகளுக்கு விரல் மரத்துவிடும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. கம்பளிக் காலுறை ஆளுக்கு இரண்டு ஜோடி ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.

ஸ்ரீநகர் விமானங்கள் பனியால் ரத்தாவது சகஜம். 2025 ஜூனில் தொடங்கிய கட்ரா–ஸ்ரீநகர் ரயிலின் நேர அட்டவணையைக் குறித்துவைத்திருங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது, குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். திரும்பும் தேதிக்கும் அலுவலகத்தில் சேரும் தேதிக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கோண்டோலாவின் மேல் கட்டத்துக்கோ சாங்கு ஏரிக்கோ போகுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரைகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துவையுங்கள். இன்சுலின் போடுபவர்கள் அதை வண்டியில் விட்டுவிட்டு இறங்கக் கூடாது. உறைந்த மருந்து உருகினாலும் பயன்படாது. ஸ்வெட்டருக்கு உள்பக்கம், உடம்போடு ஒட்டிய பையில் வைத்துக்கொள்ளுங்கள்.